அடைமொழியும் இழிமொழியும்: விழிஞ்ஞம் நிகழ்வை முன்வைத்து

விழிஞ்ஞம் தமிழாய்வாளர்க்குப் புதிய பெயர் அன்று. ஆய் வேளிர் ஆட்சியோடு தொடர்புடைய இத்துறைமுகத்தின் மீது பெற்ற வெற்றியைப் பாண்டியன் நெடுஞ்சடையனின் சீவரமங்கலச் செப்பேடு குறிக்கின்றது. சோழர் இதனை அழித்த செய்தியைக் கலிங்கத்துப்பரணி பாடுகின்றது. இன்று திருவனந்தபுரம் மாவட்டத்தில் அடங்கிய இவ்வூர்க் கடற்கரையில் கத்தோலிக்க மீனவரும் இசுலாமிய மீனவரும் அருகருகே வாழ்ந்து வருகின்றனர். 2022 ஆம் ஆண்டு இங்கு எழுந்த ஒரு சொற்பூசல், மனிதரை அவர் பிறந்த இனத்தாலும் சமயத்தாலும் அடையாளப்படுத்துதல் எப்போது விளக்கமாகும், எப்போது இழிவாகும் என்னும் வினாவை எழுப்பியது. அவ்வினாவைத் தமிழ் இலக்கணக் கோட்பாட்டின் துணைகொண்டு அணுகுகின்றது இக்கட்டுரை.

துறைமுகக் கட்டுமானத்தால் கடலரிப்பு மிகுந்து வீடும் வாழ்வும் இழந்ததாகக் கூறிய மீனவர்கள், இலத்தீன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் 2022 ஆகஸ்டு 16 முதல் துறைமுக வாயிலில் போராடினர். நவம்பர் 27 அன்று விழிஞ்ஞம் காவல்நிலையம் தாக்கப்பட்டது. அதனை அடுத்த நாள்களில், அப்போது மீன்வளத்துறை அமைச்சராக இருந்த வி. அப்துரஹிமான், நாட்டிற்கு வேண்டிய திட்டத்தைத் தடுத்தல் தேசத்துரோகம் என்னும் கருத்துப்படப் பேசினார். அதற்கு மறுமொழி கூறிய போராட்டக் குழு ஒருங்கிணைப்பாளர் அருட்தந்தை தியோடோசியஸ் டிக்ரூஸ், அமைச்சரின் பெயரிலேயே தீவிரவாதி இருக்கிறார் என்றார். வழக்குப் பதிவாயிற்று. அது நாப்பிழை எனக் கூறி அவர் வருந்தினார், மறைமாவட்டமும் வருந்தியது. டிசம்பர் 6 அன்று போராட்டம் முடிவுற்றது.

தகாத சொல்லைப் பற்றித் தமிழ் இலக்கணம் பேசாமல் இல்லை. அவையில் சொல்லத்தகாத கிளவியை மறைத்துச் சொல்லுதல் வேண்டும் என எச்சவியலில் விதிப்பர் தொல்காப்பியர். நன்னூலார் இதனை இடக்கரடக்கல் எனத் தகுதி வழக்கினுள் அடக்குவர். ஆயின் இவ்விதி விழிஞ்ஞம் நிகழ்விற்குப் பொருந்தவில்லை. மறைக்கத்தக்க சொல் எதுவும் அங்கு வழங்கப்படவில்லை. அப்துரஹிமான் என்பது அருளாளனின் அடியான் எனப் பொருள்படும் நற்பெயர். தீவிரவாதி என்பதோ நாள்தோறும் செய்தித்தாளில் அச்சாகும் சொல். இரண்டில் எதனை மறைப்பது? இழிவு சொல்லில் இல்லை. இரண்டையும் இணைத்த முறையில் உள்ளது. நாப்பிழை என்னும் விளக்கம் நிறைவு தராமைக்கும் இதுவே காரணம். நா தவறினால் ஒரு சொல் மாறி விழும். இங்கோ பெயரிலிருந்து சமயத்திற்கும், சமயத்திலிருந்து குற்றத்திற்கும் ஒரு முழு வாதமே நடந்தேறியுள்ளது. எனினும் சொன்னதை ஒருவர் வெளிப்படையாகத் திரும்பப் பெறுதல் பொதுவாழ்வில் அரிது. அதன் மதிப்பைக் குறைத்தல் வேண்டா.

இணைப்புமுறையை ஆராயக் கிளவியாக்கத்தின் வேறொரு விதி உதவுகின்றது. இனத்தைப் பிரித்துச் சுட்டாத பண்பை அடையாகக் கொண்ட பெயர் உலகவழக்கிற்கு உரியதன்று, செய்யுட்கே உரியது என்பது தொல்காப்பியர் கருத்து. செஞ்ஞாயிறு என்பது உரைமரபில் வழங்கும் சான்று. கருஞாயிறு ஒன்று இல்லாமையின் செம்மை என்னும் அடை எதனையும் பிரிப்பதில்லை. அழகு மட்டுமே செய்கின்றது. செங்குவளை என்பதோ கருங்குவளையினின்று பிரிக்கின்றது. (பிற்காலத்துப் பவணந்தியார் இவ்விருவகை அடையையும் இருவழக்கிற்கும் உடன்படுவர். வழக்கு மாறியதை அவர் ஒப்புக்கொண்டார் எனலாம்.)

இவ்விதியை மாந்தர் மீது பொருத்தினால் அதன் அறக்கூர்மை புலப்படும். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பதிகம் யவனரை வன்சொல்லினராக அடைகொடுத்துச் சுட்டுகின்றது. வன்சொல் கூறும் யவனரை இன்சொல் கூறும் யவனரினின்று பிரிக்கும் அடை அன்று அது. யவனர் அனைவரும் அத்தன்மையர் என்பதே அதன் குறிப்பு. ஞாயிற்றுக்குச் செம்மை போல யவனர்க்கு வன்சொல் இயல்பாக்கப்படுகிறது. மன்னன் புகழ் பாடும் செய்யுளில் இது மரபாகலாம்; உலகவழக்கில் இதுவே இனஇழிவின் வடிவம். நம் செவ்வியல் மரபு இதற்கு விலக்கன்று என்பதைத் தமிழாய்வு தயங்காமல் சொல்லுதல் வேண்டும்.

விழிஞ்ஞத்தில் வழங்கிய இரு கூற்றுகளும் இவ்வளவையால் வேறுபடுகின்றன. தேசத்துரோகம் என்றது மிகக் கடிய சொல். வீடிழந்தோரை நோக்கிச் சொல்லப்பட்டமையின் கொடியதும் ஆகும். ஆயினும் அது ஒரு வினையைப் பற்றியது. தடுத்தோர், தடுக்காதோர் என்னும் பிரிப்பு அதில் உண்டு. யான் தடுக்கவில்லை எனவோ, வாழ்வுரிமைக்காகத் தடுத்தல் துரோகமாகாது எனவோ மறுக்க இடமுண்டு. பெயரில் குற்றம் காணும் கூற்றிற்கு மறுமொழி கிடையாது. என் பெயர் அதுவன்று என்று அமைச்சர் கூறவியலுமா? அக்கூற்று அமைச்சரோடு நிற்பதும் இல்லை. அதே துறையில் வலை உலர்த்தும், அதே கடலரிப்பிற்கு அஞ்சும், அதே பெயர் தாங்கிய மீனவனையும் சென்று தாக்குகின்றது.

இதனால் இனப்பெயர் சொல்லுதலே தவறு என்று கொள்ளுதல் பொருந்தாது. இழப்பீடு கோருவோர் மீனவர் என்னும் பெயரால்தான் கோர முடியும். முக்குவர் என்பது பிற்பட்டோர் பட்டியலில் உரிமை தரும் பெயர். சந்தைச் சண்டையில் அதுவே வசவு. பட்டியலில் அப்பெயர் உரிமை உடையோரைப் பிறரினின்று பிரிக்கின்றது. சண்டையில் எதனையும் பிரிப்பதில்லை. எதிரே நிற்பவனைப் பிறப்பிற்குள் அடைக்கின்றது. விழிஞ்ஞத்தை வென்ற பாண்டியரின் பெயரும் இவ்வாறே ஆயிற்று. பாண்டி என்பது மலையாள நாட்டுப் பேச்சில் தமிழரை இகழும் சொல்லாக இன்று வழங்குகிறது. செப்பேட்டில் பெருமிதம், பேருந்தில் இகழ்ச்சி. எழுத்தில் மாற்றம் ஏதும் இல்லை.

பாண்டி என்பதற்கு வருந்தும் தமிழர், வடக்கன் என்னும் சொல்லையும் எடுத்து நோக்குதல் தகும். திசைப்பெயரோடு ஆண்பால் விகுதி சேர்ந்த, இலக்கண வழுவற்ற சொல் அது. அப்பெயரில் உருவான தமிழ்த் திரைப்படம் தணிக்கை வாரியத்தின் மறுப்பிற்குப் பின் ரயில் எனப் பெயர் மாற்றம் பெற்று 2024 இல் வெளிவந்தது. வாரியம் அச்சொல்லை அவையல்கிளவியாகக் கொண்டு மறைத்தது. புலம்பெயர்ந்து வந்த தொழிலாளரின் வாழ்வைப் பேச முயன்ற படைப்பிற்கு அப்பெயர் மறுக்கப்பட்டது. கட்டுமானத் தளத்திலும் உணவகத்திலும் பெயரும் ஊரும் உடைய ஓர் இளைஞனை நோக்கி, அவன் செய்தது இன்னதென வினவாமலே, அச்சொல் தொடர்ந்து வழங்கி வருகின்றது.