ஹேண்ட் பிரேக்கும் அகிம்சையும்

அகிம்சை என்றவுடன் நாம் பெரும்பாலும் உணவையே நினைக்கிறோம். நம் வீட்டு வாசலில் நிற்கும் காரைப் பற்றியும் அந்த அறம் பேசுகிறது என்பதை நினைப்பவர் சிலரே.

பழைய ஏரி நிலத்தில் 1920-களில் உருவான தியாகராய நகர், மேடுபள்ளம் மிகுதியில்லாத பகுதி. பாண்டி பஜாரிலோ உஸ்மான் சாலையிலோ நிறுத்திய கார் தானே நகரும் என்று நாம் எண்ணுவதில்லை. ஆனால் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பெரிய கடைகளிலும் நிலத்தடித் தளத்திற்குச் சரிவுப் பாதைகள் உள்ளன. ஹேண்ட் பிரேக் பிடிக்காவிட்டால், அங்கே ஒரு வண்டி ஓட்டுபவர் இன்றியே புறப்பட்டுவிடும்.

அவ்வாறு சரிந்த வண்டி எவர்மீதும் மோதாமல் சுவரில் முட்டி நின்றதாகக் கொள்வோம். பாவம் நேரவில்லை என்றே பலரும் சொல்வர். இடையில் ஒரு குழந்தை நின்றிருந்தால்? இரண்டு நிலையிலும் உரிமையாளரின் கவனக்குறைவு ஒன்றே, விளைவுதான் வேறு. அமெரிக்கத் தத்துவ அறிஞர் தாமஸ் நேகல் இக்கேள்வியை 1976-இல் ஆராய்ந்தபோது, பிரேக்கைச் சோதிக்காமல் விட்ட லாரி ஓட்டுநரையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். குழந்தை குறுக்கே வருவது ஓட்டுநரின் கையில் இல்லை. எனினும் அதைக்கொண்டே அவருடைய பழி கூடுகிறது. இதுவே அவர் கண்ட சிக்கல்.

நம் ஆச்சாரியர்களின் விடை தெளிவானது. பேச்சு வழக்கில் 'பிரமாதம்' என்றால் வெகு சிறப்பு. ஆகமங்களில் அச்சொல்லுக்குச் சோர்வு, கவனமின்மை என்று பொருள். உயிர் போயினும் பிழைப்பினும் பிரமாதமுடையவரிடம் இம்சை உண்டு என்பதும், விழிப்போடு நடப்பவருக்கு அவரை மீறி நேர்ந்த ஊறு மட்டும் பந்தமாகாது என்பதும் குந்தகுந்தர் பிரவசனசாரத்தில் உணர்த்தும் கருத்து. இழப்புற்ற இல்லத்திற்கு ஆற்ற வேண்டிய கடன் மிகப் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் குற்றம் தொடங்கிய இடம் இரண்டிலும் ஒன்றே. ஆகவே சுவரில் முட்டி நின்ற வண்டிக்கு உரியவர், 'ஒன்றும் ஆகவில்லை' என்று அமைதி கொள்வதற்கில்லை.

சட்டமும் விபத்து நேரும்வரை காத்திருப்பதில்லை. ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்றவர் இல்லாதபோது, பொதுவிடத்தில் நிற்கும் வண்டியின் இயந்திரத்தை நிறுத்தி, பிரேக் இட்டோ வேறு வகையிலோ அது தற்செயலாக நகராதபடி செய்யவேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு விதிக்கிறது.

துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஒன்று ஆதான நிக்ஷேபண சமிதி. பொருள்களை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உயிர்களுக்கு ஊறு நேராமல் காத்தலே அது. கமண்டலத்தை வைக்குமுன் மயிற்பீலியால் இடத்தைத் துடைப்பார் துறவி. இல்லறத்தாராகிய நாம் வைப்பதோ ஆயிரம் கிலோ எடையுள்ள கார்.

பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக், ஒரு கேபிளின் வழியே பின்சக்கரப் பிரேக்குகளை இறுக்குகிறது. கேபிள் தளர்வதும் பிரேக் ஷூ தேய்வதும் மெல்ல நிகழ்பவை. பிடி முன்னைவிட உயரமாக எழும்பினால் அது ஓர் அறிகுறி. அதைக் கண்டவர் வீட்டில் மற்றவர்க்குச் சொல்லாமல் சாவியை ஆணியில் மாட்டிவிடுவதும், சம்பளத்திற்கு வண்டி ஓட்டுபவர் பழுதைச் சொல்லியும் 'அடுத்த சர்வீஸில் பார்க்கலாம்' என்று அவரையே ஓட்டச் சொல்வதும் சிறு பிழைகள் அல்ல. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றுக்கும் நாம் பொறுப்புடையவர்கள்.

பழுது நீங்கும்வரை அவ்வண்டியைச் சரிவில் நிறுத்தாதிருப்பதே நன்று. நிறுத்த நேர்ந்தால் கியரில் விட்டு, சக்கரத்திற்குக் கல் வைக்கிறோம். புறப்படும்போது அந்தக் கல்லை ஓரமாக எடுத்து வைப்பதும் அதே சமிதியைச் சேர்ந்தது. நடுவழியில் விட்ட கல், இருளில் ஸ்கூட்டரில் வருபவரை வீழ்த்தும்.

திருக்குறள் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்து, மறதியால் வரும் கேட்டை எச்சரிக்கிறது. நீரை வடிகட்டிப் பருகும் இல்லங்கள் நம்முடையவை. அவ்வில்லங்களின் வண்டியும் அதே கவனத்தோடு நிறுத்தப்படுதல் வேண்டும்.