மூச்சை யாரிடம் ஒப்படைப்பது?

ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக்குப் பேர்போன மன்னார் வளைகுடாக் கரையின் ஒரு பகுதியும், மழையை நம்பி விதைக்கும் கயத்தாற்றுக் கரிசலும் இன்று ஒரே தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கின்றன. கடலையே பாராத கரிசல்காரருக்கும் முத்துக்குளிப்பின் ஏற்பாடு சட்டென்று விளங்கிவிடும். கிணறு வெட்ட இறங்குகிறவரின் உயிர் மேலே வடம் பிடித்திருப்பவர் கையில் இருக்கிறது, கடலிலும் அன்று அப்படித்தான். கயிற்றில் கட்டிய கல்லில் கால் ஊன்றி, ஒரே மூச்சில் அடிக்குப் போய், ஏறக்குறைய ஒரு நிமிடம் சிப்பி அள்ளியதும் குளியாள் கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் அப்போதே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள், கூடப்பிறந்தவள் தாலியறுக்க அவன் விடமாட்டான் என்று சொல்வதுண்டு. மலைத்தேன் எடுப்பவர்களைப் பற்றியும் இதே கதை உண்டு. ‘மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்’ என்ற பழமொழிக்கு அதையே விளக்கமாகச் சொல்கிறார்கள். கதையில் எவ்வளவு நடப்பு, எவ்வளவு புனைவு என்பது இருக்கட்டும். அதற்குள் பழைய தத்துவக் கேள்வி ஒன்று இருக்கிறது. ஒருவரை நம்புவது அறிவின் செயலா, அல்லது அறிவு தீர்ந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் துணிச்சலா?

நம் மரபு இதற்கு அளவை என்ற தலைப்பில் பதில் தேடியது. சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என்ற மூன்றையும் அறிவின் வழிகளாக ஏற்கிறது. கண்ணால் காண்பது, கண்டதிலிருந்து ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்பது. ஆழ்கடல் மூச்சுக்கு இவற்றைப் பொருத்திப் பாருங்கள். 1943-இல் கூஸ்தோவும் காக்னானும் உருவாக்கிய கருவியின் வழிவந்த ஸ்கூபா சிலிண்டரை முதுகில் மாட்டியிருப்பவருக்கு, எவ்வளவு காற்று மிச்சம் என்று முள் காட்டும். அது என்ன காற்று என்று காட்டாது. நிரப்பும் கம்ப்ரஸரின் காற்றுவாய்க்குப் பக்கத்தில் இன்ஜின் புகை வந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே போயிருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முப்பது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல் நான்கு மடங்கு. மேலே பெரிதாகத் தொந்தரவு செய்யாத அளவுகூட அங்கே ஆளைச் சாய்த்துவிடும். மூழ்குபவரின் காட்சிக்கும் கருதலுக்கும் அங்கே வேலை இல்லை. நிரப்பிக் கொடுத்தவரின் சொல் ஒன்றுதான் மிஞ்சுகிறது. நாத்திகரானாலும் தண்ணீருக்குள் அவர் உரையளவையில்தான் உயிர் வாழ்கிறார்.

அப்படியானால் யாருடைய உரை என்ற கேள்விக்குத் தப்ப வழியில்லை. முத்துக்குளிப்பே இரண்டு மாதிரிகளை விட்டுச் சென்றிருக்கிறது. ஒருவர் கயிறு பிடிப்பவர். மற்றவர் கடல்கட்டி; மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். மார்க்கோ போலோ இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்குப் போகும். இரவில் கட்டை அவிழ்த்துவிடுவார்கள், திருட்டுத்தனமாக யாரும் மூழ்கக் கூடாது என்பதற்காக. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையின் காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட் சொல்வது இன்னும் சுவையானது. பரம்பரைக் கடல்கட்டி அப்போது கத்தோலிக்கர். அதில் யாருக்கும் குறை தெரியவில்லை. உடல்நலமில்லாமல் அவர் வர முடியாதபோது பதிலுக்கு ஓர் ஆளை அனுப்பினார். எனக்கு மந்திரம் தெரியாது, ஆனால் அவருடைய ஆள் என்பதால் சுறாக்கள் மரியாதை தரும் என்றாராம் அந்தப் பதிலாள். சிரிக்கலாம், ஆனால் சடங்கு முடியாமல் குளியாட்கள் இறங்க மறுத்தார்கள். பதற்றம் மூழ்குபவருக்குப் பெரிய எதிரி என்பதால், மனத்தைத் திடப்படுத்திய அளவில் மந்திரம் வேலை செய்தது என்றே சொல்வேன். கயிற்றுக்கும் மந்திரத்துக்கும் உள்ள வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. கயிறு பிடிப்பவர் தவறினால் அடுத்த நிமிடமே அது அவர் தவறு என்று தெரிந்துவிடும். கடல்கட்டியின் சொல் பொய்த்தாலும் குற்றத்தைக் குளியாளின் தீட்டிலோ விதியிலோ போட்டுவிடலாம். நம்பத்தகுந்த சொல் எது என்றால், பொய்த்தபோது சொன்னவரையே வந்து பிடிக்கும் சொல்.

இன்றைய உள்ளூர் டைவ் கடையை நான் மதிப்பது இந்த அளவுகோலால்தான். புதுச்சேரியிலும் அந்தமானின் ஹேவ்லாக்கிலும் திருகோணமலை நிலாவெளியிலும் இருக்கும் இந்தக் கடைகள் வெறும் துடுப்பும் கண்ணாடியும் விற்கும் இடங்களாக இருந்தால், இணையத்தில் மலிவாக வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். அவை சிலிண்டரை நிரப்புகின்றன, ரெகுலேட்டரைப் பழுது பார்க்கின்றன, புதியவரைப் பழக்குகின்றன, நீரோட்டம் தெரிந்தவரைத் துணைக்கு அனுப்புகின்றன, இன்று கடல் சரியில்லை என்று படகை நிறுத்துகின்றன. அத்தனையும் மச்சான் செய்த வேலை. ஒரே மாற்றம், இப்போது முன்பின் தெரியாதவருக்கும் கயிறு பிடிக்க ஆள் இருக்கிறார்.

சான்றிதழ் இருக்கும்போது ஆள் எதற்கு என்று கேட்கலாம். கயத்தாற்றிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தேசியக் காற்றுசக்தி நிறுவனத்தின் சோதனை நிலையம் அங்கே காற்றாலைகளை அளந்து பார்க்கிறது. அந்த அளவீட்டை நம்ப யாரும் யாருக்கும் மச்சானாக இருக்க வேண்டியதில்லை. ஒத்துக்கொள்கிறேன். 1966-இல் தொடங்கிய பாடி (PADI) போன்ற அமைப்புகளின் ஸ்கூபா பயிற்சித் திட்டமும் பெரிய நன்மை செய்திருக்கிறது. எந்த நாட்டில் கற்றவரும் எந்த நாட்டுப் படகிலும் ஏற முடிகிறது. ஆனால் சான்றிதழ் ஒருவர் அன்று என்ன கற்றிருந்தார் என்பதைச் சொல்லும். இன்று காலை வடிகட்டியை மாற்றினாரா, சோம்பலில் விட்டுவிட்டாரா என்பதை அதனால் சொல்ல முடியாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. உள்ளூர், நெருக்கம் என்று பேசுவது கடைசியில் சாதிக்கும் குடும்பத்துக்கும் உள்ளே நம்பிக்கையைப் பூட்டி வைப்பதாகாதா? ஆகும், உறவையே தகுதியாகக் கொண்டால். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் அந்தப் பூட்டை அப்போதே உடைத்துவிட்டார். பொருளை நேரே அறிந்தவராகவும், அறிந்ததை அறிந்தபடி சொல்லும் விருப்பம் உள்ளவராகவும் இருந்தால் போதும். ரிஷியானாலும் ஆரியரானாலும் மிலேச்சரானாலும் அவர் நம்பத்தக்கவரே என்கிறார். இதோடு எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருப்பது என்ற நிபந்தனையை மட்டும் சேர்த்துக்கொள்வேன். கடைக்காரர் லாபத்துக்கு இருப்பவர்தானே என்றால், முத்துக்குளிப்பும் வியாபாரம்தான். பணம் கட்டிய ஆளையே கரையில் நிறுத்த அவருக்கு மனம் வருகிறதா என்பதில்தான் அவருடைய தரம் தெரியும்.

ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் சந்தேகிப்பதும் இரண்டுமே தீராத துன்பம் என்று ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தை வள்ளுவர் முடிக்கிறார். ஆகவே ஸ்கூபா பழகப் போகிறவர்கள் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் கடையின் பின்கட்டுக்குப் போங்கள். கம்ப்ரஸரைக் காட்டச் சொல்லுங்கள். காற்றுவாய் எங்கே இருக்கிறது, வடிகட்டியைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் பணத்தைக் கட்டாமல் திரும்பி வந்துவிடுங்கள்.