தீமை உள்பொருளோ, இல்பொருளோ?

இங்கிலாந்தின் வடபகுதியில், தை மாதத்துக் கடுங்குளிரில், ஒரு மாடிவீட்டின் அடுக்களையிலே பாய்லர் நீலச் சுடர் விட்டு எரிந்துகொண்டிருக்க, அதிலிருந்து புறப்படும் செப்புக்குழாய் கைவைக்கவொண்ணாதபடி சுட்டுக்கொண்டிருக்க, மேல்மாடியில் சன்னலின் கீழே சுவரோடு சார்ந்து நிற்கும் ரேடியேட்டர் மட்டும் சில்லிட்டுக் கிடப்பதும், அவ்வறையில் படுத்திருக்கும் முதியவர் கம்பளிமேல் கம்பளியாகப் போர்த்தியும் நடுக்கம் தீராது விழித்திருப்பதும், அந்நாட்டில் வாழும் எவருக்கும் புதுமையான காட்சியல்ல. நெருப்புக்குக் குறைவில்லை, நீருக்கும் குறைவில்லை, நெருப்பின் வெம்மையை நீர் ஏந்திக்கொண்டு அறைதோறும் சென்று திரும்பும் அந்த ஓட்டம் ஒன்றுதான் நின்றுபோய்விட்டது. மிகச் சாதாரணமான இப்பழுது, சமய தத்துவத்தில் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு விவகாரத்தை ஊன்றிச் சிந்திக்கத் தூண்டுகிறது. இறைவன் பூரண கருணையுடையவன் என்பது மெய்யாயின், அக்கருணை எல்லா உயிர்களையும் ஏன் சென்று சேரவில்லை? தீமை என்று நாம் சொல்வது நன்மையின் இன்மை மாத்திரந்தானா, அல்லது தனக்கென ஓர் இருப்பும் வலியும் உடைய பொருளா?

இவ்வினாவுக்கு மேனாட்டில் மிகுந்த செல்வாக்குப் பெற்ற விடையை அளித்தவர் அகஸ்டின் முனிவர். கி.பி. 354-ல் வட ஆப்பிரிக்காவில் பிறந்த அவர், இளமையில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் மானி என்பவரின் மதத்தைச் சார்ந்து, ஒளியும் இருளும் அநாதியான இரு தத்துவங்கள் என்றும், இவ்வுலகம் அவ்விரண்டின் போர்க்களம் என்றும் நம்பியிருந்து, பின்னர் அந்நம்பிக்கையை உதறிக் கிறிஸ்தவரானவர். இருளுக்குச் சுதந்திரமான இருப்பைக் கொடுத்தால் இறைவனுடைய சர்வ வல்லமை குறைந்துபோகும்; அவ்விருளையும் இறைவனே படைத்தான் என்றாலோ அவனுடைய நன்மைக்கு இழுக்கு நேரும். இந்த இருதலைக்கொள்ளியிலிருந்து தப்பும் வழியாக, தீமைக்குத் தனி இருப்பே கிடையாது என்றும், உடம்பில் நோயென்பது ஆரோக்கியத்தின் குறைவாதல்போலத் தீமையென்பது நன்மையின் குறைவே என்றும் அவர் முடிவு செய்தார். இல்லாத ஒன்றைப் படைத்தவன் யார் என்ற கேள்விக்கு இடமேயில்லை அன்றோ!

குளிர்ச்சியைப் பொறுத்தவரை பௌதிக சாஸ்திரமும் அகஸ்டினுடைய பக்கமே நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெனீவா நகரத்து அறிஞரான பிக்டே, இரண்டு குழியாடிகளை எதிரெதிராக நிறுத்தி, ஒன்றின் குவியத்தில் வெப்பமானியையும் மற்றொன்றின் குவியத்தில் பனி நிரம்பிய குடுவையையும் வைத்தபோது, வெப்பமானி இறங்கக் கண்டு வியந்தார். குளிர்ச்சியும் வெப்பத்தைப்போலவே கதிராய்ப் பரவும் ஒரு பொருள்தானோ என்ற ஐயம் அக்காலத்தில் எழுந்தது. ரம்ஃபோர்டு பிரபு பின்னாளிலும் அவ்வாறே சாதித்தார். ஆனால் 1791-ல் அதே ஜெனீவாவைச் சேர்ந்த பிரெவோ, எல்லாப் பொருள்களும் ஒன்றுக்கொன்று வெப்பத்தைக் கொடுத்தும் வாங்கியும் வருகின்றன என்றும், தான் வாங்குவதைக் காட்டிலும் மிகுதியாகக் கொடுத்துவிடுவதாலேயே வெப்பமானி இறங்குகிறது என்றும் விளக்கினார். பனியிலிருந்து யாதும் வந்து தாக்கவில்லை. குளிர் என்பது இன்மையே.

ஆயினும், அறை ஏன் குளிர்ந்திருக்கிறது என்று கேட்பவனிடம், வெப்பம் இல்லாமையால் என்று விடை பகர்வது, உண்மையேயாயினும், அவன் கேட்டதை அவனிடமே திருப்பிக் கொடுப்பதாகும். கீழே எரிகின்ற வெம்மை மேலே வாராமைக்குக் காரணம் என்ன என்பதன்றோ அவன் கேள்வி? சூடேறிய நீருக்குச் சுற்றிவரும் நாட்டம் இயல்பாகவே உண்டு. 80 பாகை சென்டிகிரேட் சூடுள்ள ஒரு லிட்டர் நீரின் எடை ஏறத்தாழ 972 கிராம். அறையைச் சூடாக்கிவிட்டு 60 பாகைக்கு ஆறித் திரும்பும் நீரோ 983 கிராம். கனத்தது கீழிறங்க, இலேசானது மேலேற, இந்த 11 கிராம் போன்ற சிறு வேற்றுமையைக் கொண்டே 1777-ல் பிரான்ஸில் பொன்மேன் என்பவர் கோழிமுட்டைகளைப் பொரிப்பதற்கான வெந்நீர்ச் சுற்று ஒன்றை அமைத்தார்; பிற்காலத்துப் பெரிய மாளிகைகளும் பருத்த இரும்புக் குழாய்களின் வழியே இவ்விதமே சூடேற்றப்பட்டன. இக்காலத்து வீடுகளின் ஒடுங்கிய குழாய்களில் உராய்வு மிகுதியாதலால், அந்த இயல்பான நாட்டத்துக்குத் துணையாக மின்சார பம்ப் ஒன்று பொருத்தப்படுகிறது. ஆகவே ஓட்டம் நின்றதென்றால், ஓடவேண்டிய ஒன்றை ஏதோ ஒன்று தடுத்துக்கொண்டிருக்கிறது என்றே பொருள். குளிர் இன்மையாக இருக்கலாம். குளிரின் காரணம் இன்மையன்று.

தேர்ந்த பிளம்பர் முதலில் கருவிப்பையைத் திறப்பதில்லை. உள்ளங்கையால் தொட்டுப் பார்க்கிறார். ரேடியேட்டரின் அடிப்பாகம் சுட்டு மேற்பாகம் குளிர்ந்திருந்தால் உச்சியிலே வாயு தங்கியிருக்கிறது. மேற்பாகம் சுட்டு அடியின் நடுப்பாகம் குளிர்ந்திருந்தால் உள்ளே சேறு படிந்திருக்கிறது. ஒன்று மட்டும் முழுவதும் குளிர்ந்து ஏனையவை சுட்டால் அதன் வால்வின் ஊசி இறுகிவிட்டது. அனைத்துமே குளிர்ந்திருக்க பாய்லர் சிறிது எரிந்து, அணைந்து, மீண்டும் எரிந்து தவித்தால் பம்ப் சுழலவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். வாயுத் தடையாயின், முதலில் பம்பை நிறுத்திவிட்டு, ரேடியேட்டரின் மேல்மூலையிலுள்ள சிறு திருகில் சதுரத் துளையுள்ள சாவியைப் பொருத்தி, கீழே ஒரு கந்தைத் துணியைப் பிடித்துக்கொண்டு, கால் சுற்று அல்லது அரைச் சுற்றுத் திருப்புகிறார். சீறிக்கொண்டு வாயு வெளியேறுகிறது. அச்சீற்றம் தணிந்து, பிசிறிப் பிசிறி, கடைசியில் கறுத்த நீர் ஒழுகத் தொடங்கும் கணத்தில் திருகை மூடிவிட்டு, பாய்லரின் அழுத்தமானி 1 முதல் 1.5 பார் வரையுள்ள அளவுக்குள் நிற்கிறதா என்று நோக்குகிறார். பம்பை மறுபடி ஓடவிட்டதும் இரும்பின் மேல் சூடு மெல்ல மெல்லப் படர்ந்து உச்சிவரை ஏறுகிறது.

இம்முறை அறியாதவர் செய்வது என்ன? அறை குளிர்கிறது என்று கண்டதும் பாய்லரின் சூட்டை இன்னும் கூட்டிவைக்கிறார்கள். ஓட்டமில்லாத நீர் பாய்லருக்குள்ளேயே கொதித்து, பாதுகாப்புக் கருவி முன்னிலும் விரைவாகச் சுடரை அணைத்துவிடுகிறது. கூட்டக் கூட்டக் குளிரே மிஞ்சுகிறது. நம்முடைய பிரார்த்தனைகளில் பெரும்பாலானவை இத்தன்மையன என்று வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது. அருளை இன்னும் பொழிவாய் என்று இரந்து நிற்கிறோம். பொழிந்துகொண்டிருக்கும் அருள் நம்முள் எவ்விடத்தில் தடைப்பட்டு நிற்கிறது என்று தொட்டுப் பார்ப்பதில்லை. மகன்மேல் உயிரையே வைத்திருந்தும் அவனிடம் இதமாக ஒரு வார்த்தை பேச நாவெழாத தந்தையை நாம் எத்தனையோ குடும்பங்களில் கண்டிருக்கிறோம். அவரிடம் அன்பு இல்லை என்று தீர்ப்புக் கூறுவது அநியாயம். இன்னும் அன்பாயிருங்கள் என்று உபதேசிப்பது வியர்த்தம். அவருடைய நெஞ்சுக்கும் நாவுக்கும் நடுவிலே ஏதோ ஒன்று நிஜமாகவே அடைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த அடைப்பை உள்பொருள் என்றே துணிந்து கூறியது நம் சைவ சித்தாந்தம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞான போதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் வகுத்தருளிய நெறியில், ஆணவம் என்பது அறிவின் வெறும் அபாவமன்று. உயிரோடு அநாதியாகவே உடனிருந்து அதன் அறிவையும் இச்சையையும் செயலையும் மறைத்து நிற்கும் ஒரு திரவியம். செம்பில் களிம்பு என்பது அம்மரபில் வழங்கும் உவமை. புறத்திருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன் வடிவையேனும் காட்டும், ஆணவமோ தன்னையும் காட்டாது மறைக்கும் என்பது உமாபதி சிவாசாரியாரின் நுட்பம். ரேடியேட்டரின் உச்சியில் தங்கும் வாயு பெரும்பாலும் வெளியிலிருந்து புகுந்த காற்று என்றே நாம் எண்ணுகிறோம், எப்பொழுதும் அப்படியன்று. பிராணவாயு தீர்ந்துபோன நீரில், இரும்பு அந்நீரோடு மெல்ல மெல்லச் சேர்ந்து கரிய காந்த ஆக்ஸைடாக மாறுகிறது; அம்மாற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயு பிறக்கிறது. உச்சியை அடைக்கும் வாயு, அடியை அடைக்கும் கருஞ்சேறு ஆகிய இரண்டும், பகைவர் எவரும் கொண்டுவந்து போடாமல், வெம்மையை ஏந்தவேண்டிய இரும்பின் உடம்பிலிருந்தே தோன்றிவிடுகின்றன. மானியின் சமயம் சொன்னதுபோலப் புறத்தேயிருந்து படையெடுத்துவரும் இருள் ஒன்று வேண்டியதில்லை. அகஸ்டின் சொன்னதுபோல் இருளை வெறுமையாக்கவும் வேண்டியதில்லை. இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். துரு இரும்பையே தின்று வளர்வது. அதற்குத் தோற்றமும் உண்டு. ஆணவமோ தோற்றமற்றது, உயிரை மறைக்குமேயன்றி அதனைத் தேய்ப்பதில்லை. முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சக்தியே மடங்குகிறது என்பது சித்தாந்தத்தின் துணிபு.

இதிலிருந்து இன்னொரு வினா பிறக்கிறது. தடை உள்பொருளாயின், அதனை அறிந்தவுடன் அது நீங்குமோ? அத்வைத ஆசாரியர்களும் அஞ்ஞானத்தை வெறும் இன்மையன்று, பாவரூபம் என்றே ஒப்புக்கொள்கிறார்கள். எனினும் கயிறு என்று அறிந்த மாத்திரத்தில் பாம்பு மறைவதுபோல் ஞானம் ஒன்றாலேயே அது நீங்கும் என்பது அவர்கள் கொள்கை. ஸத்யோஜ்யோதி முதலான ஆகம ஆசாரியர்கள் இதனை மறுத்து, கண்ணில் படர்ந்த படலம் தனக்குப் படலம் இருக்கிறது என்று அறிவதனால் விலகாது, வைத்தியனுடைய சஸ்திரத்தாலேயே விலகும்; அதுபோல் ஆணவ மலமும் தீக்ஷை என்னும் கிரியையாலேயே விலகும் என்றார்கள். தமிழ்ச் சித்தாந்திகளோ சரியை, கிரியை, யோகம் என்ற மூன்றையும் படிகளாகக் கொண்டு, திருவருளால் குருமுகமாக வரும் ஞானத்தையே முத்திக்கு நேர்வழியாக வைத்தனர். ஆகம ஆசாரியர்கள், தமிழ்ச் சித்தாந்திகள் ஆகிய இவ்விரு சாராருள் எவர் பக்கம் நிற்பது என்பதில் என் மனம் ஆகம ஆசாரியர்களையே நாடுகிறது. வாயு எங்கே தங்கியிருக்கிறது என்று துல்லியமாக அறிந்தவனும் சாவியைத் திருப்பாதவரை குளிரிலேதான் உறங்குகிறான். ஆனால் ஞானத்தை விட்ட கிரியையின் ஆபத்தைத் தமிழ் ஆசாரியர்கள் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதையும் மறுக்கமுடியாது. வாயு சேரும் காரணத்தை ஆராயாமல் வாரந்தோறும் திருகைத் திறந்து வடித்துக்கொண்டேயிருப்பவன், இழந்த அழுத்தத்தை ஈடுசெய்ய ஒவ்வொரு முறையும் புதுநீரை உள்ளே விடவேண்டியவனாகிறான்; அப்புதுநீர் புதிய பிராணவாயுவைக் கொண்டுவருகிறது; பிராணவாயு துருவை வளர்க்கிறது; துரு அடைப்பை வளர்க்கிறது. தன்னை ஆராயாது விரதத்தின்மேல் விரதமும் யாத்திரையின்மேல் யாத்திரையும் செய்து, ஒவ்வொன்றின் முடிவிலும் நாம் செய்தோம் என்ற செருக்கைப் புதிதாக ஏற்றுக்கொண்டு திரும்பும் பக்தர்களை எண்ணிப் பார்த்தால், இது இயந்திரத்துக்கு மட்டும் உரிய நியதியன்று என்பது விளங்கும்.

நித்திய அனுஷ்டானங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோடை முழுவதும் ஓடாமல் கிடக்கும் பம்ப், குளிர்காலத்து முதல் நாளில் அசையாமல் இறுகிப்போவதுண்டு. அதன் நடுவிலுள்ள மூடியைக் கழற்றி, திருகாணிமுடுக்கியால் அச்சைக் கையாலேயே சுழற்றிவிட்டால்தான் அது உயிர்பெறும். இதனை உத்தேசித்தே, வெப்பம் வேண்டாத கோடையிலும் பம்பை நாள்தோறும் சிறிது நேரம் தானே சுழற்றிவைக்கும் ஏற்பாடு இக்காலத்துப் பாய்லர்கள் சிலவற்றில் இருக்கிறது. பலன் ஒன்றும் தெரியாத நாள்களிலும் சந்தியாவந்தனத்தையும் பஞ்சாக்ஷர ஜபத்தையும் விடாமல் செய்யவேண்டும் என்று பெரியோர் விதித்ததை மூடப் பழக்கம் என்று இகழ்வோர் இந்த ஏற்பாட்டைச் சற்றே கருதிப்பார்க்கலாம்.

அகஸ்டின் தம் வாழ்க்கையை இறைவன் திருமுன் அறிக்கையிட்டு எழுதிய நூலின் ஏழாம் பகுதியையும், அருணந்தி சிவாசாரியாருடைய சிவஞான சித்தியாரின் சுபக்கத்தையும் அருகருகே வைத்துப் பயின்று, தீமையின் இயல்பைப் பற்றி இவ்விரு மரபுகளும் எவ்விடத்தில் ஒன்றி எவ்விடத்தில் பிரிகின்றன என்பதை நிதானமாக ஆராய்ந்து, சாதாரணத் தமிழ் வாசகருக்கும் விளங்கும் நடையில் விரிவானதொரு நூல் எழுதப்படவேண்டும். சைவ நூல்களில் பயிற்சியும் மேனாட்டுத் தத்துவத்தில் ஈடுபாடும் ஒருங்கே வாய்ந்த இளைஞர்கள் இப்பணியை மேற்கொள்ள வேண்டுமென்றும், நம் மடங்களும் சர்வகலாசாலைகளும் அவர்களுக்கு வேண்டிய ஆதரவை மனமுவந்து அளிக்க வேண்டுமென்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.