புதிய வண்டியும் பழைய பயமும்



தம்ம உரை கேட்க வந்த இடத்தில் மோட்டார் வண்டியின் பேச்சு எதற்கு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். துக்கம் எங்கே உண்டோ அங்கே தம்மத்துக்கு வேலை உண்டு. புதிதாக வாங்கிய காரில் மின்பழுது காண்பது இக்காலத்து இல்லறத்தாருக்கு நேரும் ஒரு துக்கம். அத்துக்கத்தின் வழியே பழைய பயம் ஒன்று நம் வீடுகளுக்குள் நுழையப் பார்க்கிறது. ஆகவே இதனைப் பேசுதல் தகும்.

நம்மவருள் ஒரு குடும்பத்தார், பல்லாண்டு சிறுகச் சேர்த்த பொருளோடு வங்கிக் கடனையும் கூட்டி, ஒரு கார் வாங்கினர் என்று வைத்துக்கொள்வோம். காலில் செருப்பணிந்து ஊர்த்தெருவில் நடக்கவும் தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கு அவ்வண்டி வெறும் இரும்பன்று, தலைநிமிர்வின் அடையாளம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கவில்லை; பூசணிக்காய் உடைக்கவில்லை; திரிசரணம் சொல்லிப் பஞ்சசீலம் ஏற்று வண்டியை வீட்டுக்குக் கொணர்ந்தனர். பத்தாம் நாள் காலையில் வண்டி கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் 'டிக், டிக்' என்னும் ஓசை மட்டுமே எழுந்தது. எதிரேயுள்ள பலகையில் மஞ்சளும் சிவப்புமாகப் பல விளக்குகள் ஒருசேர எரிந்தன. உடனே அக்கம்பக்கத்தாரும் உறவினரும், "பூசை போடாமல் எடுத்தீர்களே, இப்போதாவது தெரிகிறதா?" என்றனர். வீட்டுப் பெரியவளின் நெஞ்சம் சற்றே நடுங்கியது.

அன்பர்களே! பழுதுபட்டது வண்டி ஒன்றே. ஆனால் அசைக்கப்படுவது ஒரு குடும்பத்தின் நம்பிக்கை. இந்நேரத்தில் மனத்தை இருவகை இருள் மூடுகிறது. ஒன்று, "தெய்வக் குற்றமோ, கண்ணேறோ" என்னும் பயம். மற்றொன்று, "விற்றவன் ஏமாற்றினான்" என்று ஆராயாமுன் எழும் சினம். இவ்விரண்டும் காரணத்தைக் காண விடாமல் கண்ணை மறைப்பவை.

முதலில் 'புதியது' என்னும் சொல்லையே ஆராய்வோம். மிலிந்த மன்னன் நாகசேனத் தேரரைக் காண இரதத்தில் வந்தான். அவர் அவனை நோக்கி, அச்சு இரதமோ, சக்கரம் இரதமோ, நுகம் இரதமோ என்று ஒவ்வொன்றாக வினவினார். எதுவும் தனித்து இரதம் அன்று; உறுப்புகள் கூடியவிடத்து இரதம் என்னும் பெயர் வழங்குகிறது என்பது அவ்வுரையாடலின் முடிவு. நம் காரும் அத்தகையதே. பல்லாயிரம் உறுப்புகள், நீண்ட கம்பிக்கட்டுகள், எண்ணற்ற இணைப்புகள் கூடியவிடத்துக் 'கார்' என்று பெயரிட்டோம். விற்பனை நாளால் அது நமக்குப் புதிது. அதனுள் இருக்கும் பாட்டரியோ பல மாதங்களுக்கு முன்னரே செய்யப்பட்டதாக இருக்கலாம். ஆதலின் 'புதியது' என்பதும் வழக்குச் சொல்லே. குறையற்றது என்பது அதன் பொருளன்று.

பொறியியல் அறிஞர்களும் இதற்கு இயைந்த ஒன்றைக் கண்டுள்ளனர். கூட்டியமைத்த பொருள்களில் பழுதுகள் தொடக்க நாள்களில் சற்று மிகுதியாகத் தோன்றும். பின்னர் நெடுங்காலம் குறைந்திருக்கும். முதுமையில் மீண்டும் மிகும். வரைபடத்தில் இது குளியல் தொட்டியின் வடிவம் பெறுவதால் அதற்கு அப்பெயரே வழங்குகிறது. தளர்ந்த இணைப்பும், முழுதும் செருகப்படாத முனையும், வலுவிழந்த உறுப்பும் முதல் ஓட்டத்திலேயே வெளிப்படும். எனவே புது வண்டியில் பழுது காணுதல் இயற்கைக்கு மாறானதன்று. தெய்வக் குற்றமும் அன்று.

பகவான் புத்தரை மருத்துவருக்கு ஒப்பிடுவது பௌத்த மரபு. நோய் இது, நோயின் காரணம் இது, காரணம் நீங்கினால் நோய் நீங்கும், நீக்கும் வழி இது என்னும் நால்வகை வாய்மை மருத்துவ முறையே அன்றோ? அம்முறையை இவ்வண்டிக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, பழுதை உள்ளவாறு காணுதல். "வண்டி சரியில்லை" என்பது காட்சியன்று, புலம்பல். எந்நாள், எந்நேரம், எத்தனை கிலோமீட்டர் ஓடியபின், மழையிலா வெயிலிலா, எந்தச் சுவிட்சை இயக்கியபோது, எவ்விளக்கு எரிந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எச்சரிக்கை விளக்கைப் படம் பிடித்து வையுங்கள். விட்டு விட்டுத் தோன்றும் பழுது ஒர்க்‌ஷாப் வாயிலில் மறைந்துவிடும் இயல்புடையது. அப்போது உங்கள் நோட்டே சாட்சி.

இரண்டாவது, காரணத்தைத் தேடுதல். பெரும்பான்மையான கார்களில் உள்ள பாட்டரி 12 வோல்ட் எனப்படும். எஞ்சின் ஓய்ந்து சில மணி நேரம் நின்ற வண்டியில், நல்ல பாட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டை நெருங்கினால் அது ஏறத்தாழ வறண்டது என்று கொள்க. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் மின்சாரத்தை ஊட்டுகிறது என்று அறியலாம். வோல்ட் மீட்டர் என்னும் சிறு கருவி இதைச் சொல்லிவிடும். குறி சொல்வோன் வேண்டா. பலகையில் பல விளக்குகள் ஒருசேர எரிவது கண்டு பத்துப் பழுதுகள் என்று அஞ்ச வேண்டுவதில்லை. பாட்டரி வலுவிழந்தால் வண்டியிலுள்ள கணிப்பொறிகள் பலவும் ஒருங்கே தடுமாறி முறையிடும். காரணம் ஒன்றே, தோற்றம் பல.

பாட்டரி வறள்வதற்கும் காரணம் உண்டு. நின்ற வண்டியிலும் கடிகாரம், பூட்டு, நினைவகம் ஆகியவை சிறிதளவு மின்சாரம் உண்ணும். அது 50 மில்லி ஆம்பியர் என்றால், 40 ஆம்பியர்-மணி பாட்டரி முற்றும் தீர 800 மணி நேரம், அதாவது 33 நாள் ஆகும். அணையாத விளக்கோ, பின்னர்ப் பூட்டிய கேமராவோ அரை ஆம்பியர் உண்டால், 80 மணி நேரத்தில், மூன்று நாளுக்குச் சற்று மேலாக, அது தீர்ந்துபோம். வண்டி கிளம்ப மறுப்பது அதற்கும் முன்னரே நிகழும். வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு நாகபுரி தீக்ஷாபூமிக்குச் சென்று ஒரு வாரங்கழித்துத் திரும்புவோர் இக்கணக்கை நினைவிற் கொள்க.

இன்னுமொரு காரணம் 'எர்த்' என்னும் இணைப்பு. காரில் மின்சாரம் விளக்குக்குச் செல்லக் கம்பி உண்டு. பாட்டரிக்குத் திரும்புவதோ பெரும்பாலும் வண்டியின் இரும்பு உடல் வழியே. அவ்விணைப்பின் போல்ட் தளர்ந்தாலும், அதனடியில் பெயின்ட் படிந்திருந்தாலும் மின்சாரம் வேறு வழி தேடும். திரும்பும் விளக்கைப் போட்டால் வேறொரு விளக்கும் மங்கலாக மினுக்கும் விந்தை இதனால் உண்டாவது. பேய் இல்லை, அன்பர்களே, பெயின்ட் இருக்கிறது. இவையன்றி, அழகுக்கென்று கம்பியை வெட்டி ஒட்டிப் பூட்டிய துணைக் கருவிகளும், நிறுத்திய வண்டிக்குள் புகுந்து கம்பியைக் கடிக்கும் எலிகளும் காரணமாகலாம். மின்சாரக் கார் வாங்கியோரும் இதனைக் கேளுங்கள்: அவ்வண்டிகளிலும் பொதுவாக ஒரு 12 வோல்ட் பாட்டரி உண்டு, பெரிய பாட்டரி நிறைந்திருந்தும் சிறியது வறண்டால் வண்டி விழிக்காது. ஆரஞ்சு நிறக் கம்பிகளை மட்டும் தொடாதீர். அவை உயர்ந்த மின்னழுத்தம் பாய்பவை.

மூன்றாவது, காரணம் நீங்கப் பழுது நீங்கும். காரணத்தை விட்டுத் தோற்றத்தை மட்டும் அடக்குவது தீங்கு தரும். பியூஸ் எரிந்துபோனால் சிலர் சினங்கொண்டு, 10 ஆம்பியர் இருந்தவிடத்தில் 20 ஆம்பியர் பியூஸைச் செருகுகின்றனர். வேறு சிலர் வெறுங்கம்பியைச் சுற்றுகின்றனர். பியூஸ் பகைவன் அன்று. தன்னை எரித்துக்கொண்டு வண்டியைக் காக்கும் காவலன். அவன் வாயை அடைத்தால் அடுத்து எரிவது கம்பிக்கட்டு. சிலவேளை வண்டி முழுதுமே.

நான்காவது, நீக்கும் வழி. உறுதிமொழிக் காலத்தில் இருக்கும் வண்டியைத் தெருவோரத்தில் பிரிக்கலாகாது, அவ்வுரிமை பறிபோகக்கூடும். விற்பனை நிலையத்தாரின் ஒர்க்‌ஷாப்பில் விட்டு, உங்கள் நோட்டிலுள்ளவற்றை ஜாப் கார்டில் எழுதச் செய்து, நகல் பெறுங்கள். என்ன சோதித்தனர், என்ன மாற்றினர் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

இவ்விடத்தில் காலாமருக்குப் பகவான் அருளிய அறிவுரை பொருந்தும். கேள்வியுற்றது என்பதாலோ, வழிவழி வந்தது என்பதாலோ, சொன்னவர் பெரியவர் என்பதாலோ ஒன்றைக் கொள்ளாதீர். ஆராய்ந்து நன்மை கண்டு கொள்வீர் என்பது அதன் சாரம். இது அயலார் சொல்லுக்கு மட்டுமன்று, மெக்கானிக் சொல்லுக்கும் பொருந்தும். ஸ்கேனர் கருவி காட்டும் குறியீடு பழுதின் திசையைக் காட்டுவது, தீர்ப்பு அன்று. ஒரு சென்சாரின் பெயரைக் குறியீடு சொன்னால், பழுது அந்தச் சென்சாரிலும் இருக்கலாம், அதற்குச் செல்லும் கம்பியிலும் இருக்கலாம். சோதியாமல் உறுப்பை மாற்றுதல், குறி கேட்டுக் கிடா வெட்டுவதற்கு ஒப்பாகும்.

எலுமிச்சம்பழத்தையும் அவ்வாறே ஆராய்வோம். அதில் செம்புத் தகட்டையும் துத்தநாகத் தகட்டையும் செருகினால் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவான மின்னழுத்தம் கிடைக்கும். பள்ளிச் சிறுவரும் செய்து காண்பர். சக்கரத்தின் கீழ் நசுங்கிய பழத்தாலோ அதுவும் கிடைக்காது. நல்ல நேரத்தின் நிலையும் இதுவே. நட்சத்திரம் பார்த்துத் திருமண நாளைத் தவறவிட்ட குடும்பத்தார் மணமகளையே இழந்த கதை ஜாதகக் கதைகளுள் உண்டு. 'ஆடி கழியட்டும்' என்று வண்டியைக் கிடங்கிலேயே நிறுத்திவைத்தால், ஓடாத வண்டியின் பாட்டரி சிறிது சிறிதாக வலுவிழக்கும். நன்மை நாடிக் காத்திருந்த நாளே பழுதுக்கு வித்தாகிறது.

இனிச் சினத்தைப் பற்றி. ஒர்க்‌ஷாப்பில் நம்மை எதிர்கொள்ளும் இளைஞன் அவ்வண்டியைச் செய்தவன் அல்லன். அவனும் நம்மைப்போல் கூலிக்கு உழைப்பவன். கடுஞ்சொல் சொன்னால் கம்பி இணையாது. நல்வாய்மை என்பது உண்மையைக் காலமறிந்து, இனிமையாய், பயன்படச் சொல்லுதல். ஆயினும் பொறுமை என்பது அநீதியை விழுங்குதல் அன்று. உரிமையை அமைதியோடு கேட்பதும் தம்மமே.

நம் நாட்டில் நுகர்வோர்க்குச் சட்டம் உண்டு. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடலாம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிடல் வேண்டும். 1915 என்னும் தொலைபேசி எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தை அணுகலாம். ஒரே குறை பல வண்டிகளில் காணப்படின், செய்தவர் அவ்வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சீர்செய்யப் பணிக்கும் விதி 2021 ஏப்ரல் 1 முதல் உள்ளது. அதே வேளையில் அளவறிந்தும் கேட்டல் வேண்டும். குறையுள்ள உறுப்பைச் சீர்செய்து அல்லது மாற்றித் தருவதாக உறுதிமொழி இருக்கையில், வண்டி முழுவதையும் மாற்றித் தரக் கட்டளையிடுதல் பொருந்தாது என்று 2006ஆம் ஆண்டு ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. ஆகவே பழுது திரும்பத் திரும்ப வந்தது என்பதையும், அது செய்கையிலேயே உள்ள குறை என்பதையும் காட்டும் ஜாப் கார்டுகளும், வல்லுநர் அறிக்கையும் கையில் இருத்தல் வேண்டும். எழுதி வைத்தவன் வழக்கில் நிற்பான். கூச்சலிட்டவன் வாயிலில் நிற்பான்.

உபாசக உபாசிகைகளே! வண்டியோடு இப்பேச்சு முடிவதன்று. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும், மகன் தேர்வில் தவறினாலும், வேலை கைநழுவினாலும், "பழைய சாமிகளை விட்டீர்கள், அதனால் வந்தது" என்று சொல்ல ஒருவர் வருவார். அவரிடம் சினம் வேண்டா. அவரும் பயத்தால் வருந்துபவரே. "காரணம் தேடுகிறோம், கண்டவுடன் உமக்கும் சொல்வோம்" என்று இன்சொல் கூறுங்கள். கண்டபின் மறவாமல் சொல்லுங்கள். எர்த் போல்ட்டின் அடியிலிருந்த பெயின்ட்டைச் சுரண்டியவுடன் விளக்கு நேரே எரிந்ததை அவர் தம் கண்ணால் காணட்டும். அவ்வொரு காட்சி நூறு வாதங்களினும் வலியது.

காரணமின்றி எதுவும் தோன்றுவதில்லை. காரணம் நீங்கிய பின் எதுவும் நிலைப்பதில்லை. இதனை அறிந்தவர் வீட்டில் பயத்துக்கு இடமில்லை. உங்கள் வழிகள் நலமாகுக. அனைவருக்கும் மங்களம் உண்டாகுக.