‘யாரால்?’ என்னும் வினா: ஆங்கிலச் செயப்பாட்டுவினையும் ஒழுக்கப் பொறுப்பும்

ஆங்கில இலக்கணத்தைக் கற்கப் புகும் மாணவன் செய்வினை, செயப்பாட்டுவினை என்னும் இரண்டையும் முதலில் ஒரு பயிற்சியாகவே அறிகின்றான். ‘பூனை எலியைக் கொன்றது’ என்பது ‘எலி பூனையால் கொல்லப்பட்டது’ என மாறுகின்றது. செயப்படுபொருளாக நின்றது எழுவாயாகின்றது. எழுவாயாக நின்றது ‘பை’ என்னும் சொல்லைத் தனக்கு முன்னே பெற்று வாக்கியத்தின் கடைக்குச் செல்கின்றது. இரு வாக்கியங்களும் ஒரே நிகழ்ச்சியைக் கூறுவதால் அவற்றிடையே வேறுபாடு பெரிதாக இல்லை என்ற எண்ணமும் அப்பயிற்சியோடு உடன்வந்து விடுகின்றது.

ஆனால் வகுப்பறைக்கு வெளியே வழங்கும் ஆங்கிலத்தில், செயப்பாட்டுவினை வாக்கியங்களுட் பெரும்பாலானவை அப்பூனையைக் கூறாமலே முடிகின்றன. ‘எலி கொல்லப்பட்டது’ என்பதோடு வாக்கியம் நிறைவெய்துகின்றது. இலக்கணப்படி அதிற் குறையேதும் இல்லை. கொன்றது எது என்பது மட்டும் அதில் இல்லை. செய்தவனைக் கூறாது செயலை மட்டும் கூறுதல் எப்போது முறையாகும், எப்போது முறையாகாது என்பது இலக்கணம் தீர்க்கக்கூடிய வினா அன்று. அது ஒழுக்கவியலைச் சார்ந்த வினாவாகும்.

இவ்வினாவின் கூர்மையை அரசியல் உரைகளிலே தெளிவாகக் காணலாம். ஐக்கிய அமெரிக்க அரசு ஈரானுக்கு இரகசியமாக ஆயுதம் விற்றமையும், அப்பணத்தின் ஒரு பகுதி நிக்கராகுவாவின் கொன்ட்ரா கிளர்ச்சிக்காரரைச் சென்றடைந்தமையும் 1986 ஆம் ஆண்டின் இறுதியில் வெளியாயின. 1987 சனவரி 27 ஆம் திகதி காங்கிரசில் உரையாற்றிய சனாதிபதி றொனால்ட் றீகன், ஈரான் விடயத்தில் துணிந்து இறங்கியவர் தாமே என்றும், அது பயனளிக்காமைக்குத் தாமே பொறுப்பு என்றும் தன்மை ஒருமையிற் கூறினார். எனினும், பாரதூரமான தவறுகளைக் குறிப்பிட நேர்ந்தபோது அவை ‘இழைக்கப்பட்டன’ என்றார். துணிவுக்கு எழுவாய் இருந்தது, தவறுக்கு இருக்கவில்லை. இது புதிய வழக்கமும் அன்று. 1876 திசெம்பரில் சனாதிபதி யுலிசிஸ் கிராண்ட் காங்கிரசுக்கு விடுத்த இறுதி ஆண்டுச் செய்தியிலும் தவறுகள் இதே வினைவடிவிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளன.

இத்தகைய பயன்பாடுகளைக் கண்டு செயப்பாட்டுவினையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியோர் பலர். அவருள் முதன்மையானவர் ஜோர்ஜ் ஓவெல். அரசியலும் ஆங்கில மொழியும் பற்றி 1946 இல் அவர் எழுதிய கட்டுரையில், செய்வினையைப் பயன்படுத்தக்கூடிய இடத்திற் செயப்பாட்டுவினையைப் பயன்படுத்தலாகாது என ஒரு விதியையே வகுத்தார். ஆயின், அதே கட்டுரையில் செயப்பாட்டுவினையின் மிகுதியைக் கண்டிக்கும் வாக்கியம் செயப்பாட்டுவினையிலேயே அமைந்துள்ளது. இதனை முரண்பாடு எனச் சுட்டி நகைப்பது எளிது. அதனினும் முக்கியமானது வேறொன்று. காவலற்ற கிராமங்கள் வானிலிருந்து தாக்கப்படுவதையும், மக்கள் விரட்டப்படுவதையும், அதற்கு ‘அமைதிப்படுத்தல்’ என்று பெயரிடப்படுவதையும் அவர் விவரிக்கும் பகுதி, அக்கட்டுரையின் மிக வலிமையான பகுதிகளுள் ஒன்று. அதுவும் செயப்பாட்டுவினையிலேயே இயல்கின்றது. அங்கே உண்மையை மறைப்பது வினைவடிவம் அன்று. ‘அமைதிப்படுத்தல்’ என்னும் பெயர்ச்சொல்லே. செயப்பாட்டுவினையோ பாதிக்கப்பட்டோரை எழுவாயாக முன்னிறுத்தி, அவர்க்கு நேர்ந்ததை வாசகன் காணும்படி செய்கின்றது.

உண்மையில், மறைப்பதற்குச் செயப்பாட்டுவினையினும் வாய்ப்பான வடிவங்கள் மொழியில் உள. ‘கண்ணாடி உடைக்கப்பட்டது’ என்பது உடைத்தவனைக் கூறாவிடினும், உடைத்தவன் ஒருவன் உளன் என்பதை ஒப்புக்கொள்கின்றது. ‘யாரால்?’ என்னும் வினாவுக்கு அதில் இடம் உண்டு. ‘கண்ணாடி உடைந்தது’ என்னும் வாக்கியத்திலோ அவ்விடமும் இல்லை. கண்ணாடி தானாகவே உடைந்ததாக அது காட்டுகின்றது. கெய்ற்லின் போசி, லேரா பொறொடிற்ஸ்கி என்னும் உளவியலாளர் இருவர் 2010 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வேறுபாட்டின் விளைவை எடுத்துக்காட்டுகின்றது. உணவகமொன்றில் நிகழ்ந்த தீவிபத்தை விவரிக்கும் அறிக்கையை அவர்கள் இரு விதமாக எழுதி வெவ்வேறு வாசகர்க்கு அளித்தனர். ஒன்றில் அப்பெண் மெழுகுவர்த்தியைக் கவிழ்த்தாள். மற்றையதில் மெழுகுவர்த்தி கவிழ்ந்தது. நிகழ்ச்சி ஒன்றேயாயினும், ‘கவிழ்த்தாள்’ என வாசித்தோர் அவள்மீது கூடுதலான பழியையும் கூடுதலான இழப்பீட்டையும் சுமத்தினர். ஒருவரின் கடனைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வினைச்சொல்லின் வடிவம் போதுமானதாயிற்று.

தமிழ் இலக்கணகாரர் இதனையொத்த ஒரு வழக்கை நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். செயலுக்கு உட்பட்ட பொருளையே அச்செயலைச் செய்தது போலச் சொல்லும் மரபைத் தொல்காப்பியம் ஏற்றுக்கொள்கின்றது. அதற்கு உரையாசிரியர் காட்டும் உதாரணம் ‘திண்ணை மெழுகிற்று’ என்பது. திண்ணை தன்னைத்தானே மெழுகாது என்பதைக் கேட்போர் யாவரும் அறிவர். மெழுகியது யார் என்பதனால் எவர்க்கும் தீங்கு விளைவதும் இல்லை. ஆதலின் அவ்வழக்கிற் குற்றம் இல்லை. கேட்போன் அறிந்திருப்பது எது, அறியவேண்டியது எது என்பவற்றைப் பொறுத்தே ஒரு வாக்கியத்தின் நேர்மை அமைகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

செய்தவனைக் கூறாமையே சில இடங்களில் அறமாகவும் அமையும். 1672 இல் ஒளியையும் நிறத்தையும் பற்றி எழுதிய நியூற்றன், தாம் செய்தவற்றைத் தன்மை ஒருமையிலேயே விவரித்தார். பிற்கால விஞ்ஞானக் கட்டுரைகளில் ‘கரைசல் சூடாக்கப்பட்டது’ என்பது போன்ற நடை வேரூன்றியது. எவர் சூடாக்கினும் விளைவு ஒன்றே என்னும் உரிமைகோரல் அந்நடையில் அடங்கியிருந்தது. விமான விபத்துகளை ஆராய்வதற்கான சர்வதேச விதிகளும், விசாரணையின் ஒரே நோக்கம் விபத்துகளைத் தடுப்பதே அன்றிப் பழி சுமத்துவது அன்று என வரையறுக்கின்றன. பழிக்கு அஞ்சுவோர் உண்மையைச் சொல்லார் என்ற அனுபவம் அதன் பின்னணியில் உள்ளது.

மறுபுறம், செய்வினையும் அநீதிக்குக் கருவியாகலாம். ‘தாதி தவறான மருந்தைக் கொடுத்தாள்’ என்பது தெளிவான செய்வினை வாக்கியம், உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இரு மருந்துகளுக்கும் ஒரேவிதமான போத்தலைத் தெரிவு செய்தவர், ஓய்வின்றி இரு முறை வேலைக்கு அவளை அமர்த்தியவர் ஆகியோர் அவ்வாக்கியத்தில் இல்லை. கடைசியாகத் தொட்ட கையை மட்டும் எழுவாயாக்குவதும் ஒருவகை மறைப்பே.

ஆகவே, ‘செயப்பாட்டுவினையைத் தவிர்க்க’ என்னும் விதியைப் பின்பற்றுவதனால் மட்டும் எழுத்தாளனொருவன் நேர்மையாளனாகி விடுவதில்லை. செய்தவரை அவன் அறிவானா, அவரை அறியும் உரிமை வாசகர்க்கோ பாதிக்கப்பட்டோர்க்கோ உண்டா, அவரைக் கூறாது விடுவதால் நன்மையடைபவர் எவர் என்பனவே அவன் தன்னிடம் கேட்கவேண்டிய வினாக்கள். அறியாததனால் கூறாதிருத்தல் அடக்கம். பாதிக்கப்பட்ட சிறுமியொருத்தியைக் காக்கும்பொருட்டுக் கூறாதிருத்தல் கருணை. அறிந்திருந்தும், கேட்க உரிமையுடையோர் முன்னிலையில், தன்னையோ தன்னைச் சார்ந்தவரையோ காக்கும்பொருட்டுக் கூறாதிருத்தல், பொய்யென்று சொல்லமுடியாத போதிலும், பொய்யின் பயனை ஈட்டித் தரும். அத்தகைய வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் உண்மையாயிருத்தல் கூடும். அதனாலேயே அதனை மறுப்பது பொய்யை மறுப்பதிலும் கடினமாகின்றது.

இக்கடமை எழுதுவோனுக்கு மட்டும் உரியதன்று, வாசிப்போனுக்கும் பங்குண்டு. ‘காணி சுவீகரிக்கப்பட்டது’, ‘விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது’, ‘தவறுகள் இழைக்கப்பட்டன’ என்னும் வாக்கியங்கள் நிறைவுற்றனபோலத் தோன்றினும், அவற்றின் இறுதியில் ஓரிடம் வெறுமையாகவே உள்ளது. அவ்விடத்தை நோக்கி ‘யாரால்?’ என வினவும் பழக்கத்தை ஆங்கில இலக்கண வகுப்பு மாணவனுக்கு ஊட்டுமாயின், வாக்கியங்களை மாற்றி எழுதும் அப்பழைய பயிற்சி அவனுக்கு வாழ்நாள் முழுவதும் பயன்படுவதொன்றாகும்.