யாரோ எறிந்த புட்டி



சுமார் 300 அடி உயரமுள்ள அர்ச். தோமையார் மலைமேல் போர்த்துக்கேசியர் 1523-ல் தேவமாதாவுக்கு ஆலயம் எழுப்பினார்கள். (லாம்டன் துரை 1802-ல் தேசத்தை அளக்கத் தொடங்கியதும் இம்மலையருகேதான்.) படியேறிக் களைத்தவனுக்கு உச்சிக் காற்று ஒன்றே போதும்!

சென்ற வாரம் இறங்குகையில் படியோரம் ஒரு பிளாஸ்டிக் புட்டி கிடந்தது. "நான் எறியவில்லையே" என்று கடந்துபோனேன். பத்துப் படி தாண்டுமுன் மனச்சாட்சி குத்தியது. காற்று வாங்கும்போது நம் மலை, குப்பை பொறுக்கும்போது யாருடைய மலையோ? பாவசங்கீர்த்தனத்தில் செய்ததைச் சொல்லுகிறோம். செய்யாமல் விட்டதை எத்தனை பேர் சொல்லுகிறோம்? எறிந்தவன் குற்றவாளிதான், மறுக்கவில்லை. ஆனால் அவன் போய்விட்டான். அங்கே நின்றவன் நான்.

திரும்பி ஏறினேன். ஐம்பதை நெருங்கும் முழங்கால் முனகிற்று. புட்டி அங்கேயே கிடந்தது. அதற்குள் இன்னும் இருவர் அதைத் தாண்டி இறங்கியிருந்தார்கள்.