வேலும் கைத்துப்பாக்கியும்

டெக்ஸாஸில் ஒரு கோயிலுக்குள் யாரும் துப்பாக்கியோடு வரக் கூடாது என்றால் அதற்குப் பலகை வைக்க வேண்டும். பலகையில் என்ன எழுதுவது என்பதைச் சட்டமே சொல்லிவிடுகிறது: ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், எழுத்து ஓர் அங்குலத்துக்குக் குறையாமல், பளிச்சென்று தெரியும் நிறத்தில். மறைத்து எடுத்துவருபவருக்கு 30.06, வெளியே தெரிய இடுப்பில் செருகி வருபவருக்கு 30.07 என்று பிரிவுகள் வேறு வேறு. 2021 செப்டம்பர் முதல் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றான பிறகு உரிமம் இல்லாதவர்களுக்கென்று இன்னொரு அறிவிப்பு. எங்கள் கோயில் குழுவில் எனக்கு மடப்பள்ளிப் பொறுப்பு. புளியோதரைக்கு எவ்வளவு அரிசி போடுவது என்பதைத் தாண்டி வாய் திறக்காதவள், இந்தப் பலகைக்காக மட்டும் கூட்டம் முடியும்வரை மல்லுக்கட்டினேன்.

எதிர்ப்பக்கம் பேசியவர் மதுரைக்காரத் தம்பி ஒருவர். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பால், பழம்தான். இடுப்பில் உரிமம் வாங்கிய கைத்துப்பாக்கியும் இருக்கும். "அக்கா, கருவறையில நிக்கிறவரே வேலோடதான நிக்கிறாரு. நான் வச்சிருந்தா மட்டும் தீட்டா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வியில்லை அது.

அவருடைய பயமும் வெறும் கற்பனையல்ல. 2012 ஆகஸ்ட் 5, ஞாயிறு காலை. விஸ்கான்சினில் ஓக் கிரீக் குருத்வாராவில் லங்கர் என்ற பொதுப் பந்திக்குச் சமையல் நடந்துகொண்டிருந்தது. வெள்ளை இனவெறியன் ஒருவன் வந்து ஆறு பேரைச் சுட்டுக் கொன்றான். படுகாயமடைந்த ஏழாவது மனிதர் ஏழரை வருஷம் கிடந்து 2020-ல் போனார். குருத்வாராத் தலைவர் கையில் அகப்பட்ட சின்னக் கத்தியோடு அவனை மறித்து உயிரைவிட்டார். சில பெண்களும் குழந்தைகளும் சமையலறைச் சரக்கறைக்குள் ஒடுங்கிக்கொண்டு தப்பினார்கள். எங்கள் மடப்பள்ளிச் சரக்கறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. இதைப் படித்த வாரமே ஒன்று போடச் சொன்னேன்.

தம்பியிடம் இன்னொரு சாட்சியும் இருந்தது. 2019 டிசம்பர் 29, டெக்ஸாஸில் வைட் செட்டில்மென்ட் என்ற ஊர்த் தேவாலயம். வழிபாட்டுக்கு நடுவே ஒருவன் எழுந்து இருவரைச் சுட்டான். பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த சபைத் தொண்டர் ஒருவர் ஒரே குண்டில் அவனை வீழ்த்தினார். தொடங்கி முடிய ஆறு விநாடி. "போலீசு வர ஆறு நிமிஷமாவது ஆகும்லக்கா?" என்றார் தம்பி. ஆகும்தான்.

துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கர்கள் உரிமை என்று பேசுகிறார்கள். 1791-ல் அரசியல் சாசனத்தில் சேர்ந்த இரண்டாவது திருத்தம் அது. வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனிதரின் உரிமை என்று 2008-ல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று சொன்னது. பள்ளிக்கூடம், அரசு அலுவலகம் போன்ற இடங்களில் உள்ள தடையை அசைக்கவில்லை என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. 2022-ல் புரூயன் வழக்கில் அந்த உரிமை வாசலைத் தாண்டித் தெருவுக்கும் வந்துவிட்டது. நீதிபதிகள் சொல்லட்டும். எது அனுமதி என்பதுதான் அவர்கள் பிரச்சினை, எது தகும் என்பது என் பிரச்சினை.

நான் வளர்ந்த படிப்பில் ஆயுதம் அரசன் கையில் இருந்தது. கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவர், கொடியவரைக் கொல்லும் வேலையைச் செங்கோன்மையில் கொண்டுபோய் வேந்தன் தலையில் கட்டிவிட்டார். வேந்தனை நம்பலாம் என்றிருந்தால் சரி. அரசனோடு சண்டை போட்டுப் பிறந்த நாடு அப்படி நம்பவில்லை. அதைக் கேலி செய்யவும் எனக்கு மனம் வரவில்லை. கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து மரத்தில் தொங்கவிட்ட காலத்தில், ஷெரிஃபே கும்பலுக்கு வழிவிட்டு ஒதுங்கிய ஊர்கள் உண்டு. கறுப்பர் வீடுகளில் துப்பாக்கிக்கு மரியாதையான இடம் தரவேண்டும் என்று கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் 1892-ல் எழுதினார். அந்த அம்மாளுக்குக் கொல்லாமை வகுப்பு எடுக்க எனக்கு என்ன யோக்கியதை?

ஆனால் முருகனைச் சாட்சிக்கு இழுத்தால் விடமாட்டேன். நான் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி. சூரசம்ஹாரத்தன்று கடற்கரை மணலில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவள். வேல் சூரனை ஒழித்துக்கட்டவில்லை. மாமரமாய் நின்றவனை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை மயிலாக்கியது, மறுபாதியைச் சேவலாக்கிக் கொடியில் ஏற்றியது. ஒன்பது மில்லிமீட்டர் குண்டு யாரையும் மயிலாக்காது. அதைவிட முக்கியம், யார் சூரன் என்பதில் முருகனுக்குக் குழப்பம் வராது. நமக்கு வரும். 2021 ஜூனில் கொலராடோவின் ஆர்வாடாவில் போலீஸ்காரரைச் சுட்டவனை ஒரு பொதுஜனம் துணிந்து சுட்டு வீழ்த்தினார். விழுந்தவனின் துப்பாக்கியை எடுத்துக் கையில் வைத்திருந்தபோது, அடுத்து வந்த போலீஸ்காரர் அவரையே கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றுவிட்டார். செத்தவர் வெள்ளைக்காரர். வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியும் கையில் துப்பாக்கியுமாக நம் தம்பி ஓடி வந்தால், வாசலில் வந்து இறங்குகிற போலீசுக்கு அவர் யாராகத் தெரிவார்?

சூரன் வெளியிலிருந்துதான் வருவான் என்பதும் சரியில்லை. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். தற்காப்புக்கென்று வாங்கிய சாமான், மனசு இருண்டுபோன ஒரு ராத்திரியில் அலமாரியிலேயே இருக்கிறது. மாத்திரையை விழுங்கியவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம். இதில் அந்த அவகாசம் அநேகமாகக் கிடையாது. கூட்டத்தில் இதைச் சொன்னபோது யாரும் பதில் பேசவில்லை. வீட்டுக்கு வீடு என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

தம்பி ஒன்று சொன்னார், அதைத்தான் இன்னும் என்னால் முழுசாக விழுங்க முடியவில்லை. தீபாராதனை நேரத்தில் அவர் சன்னிதியைப் பார்ப்பதே இல்லையாம். சுவரில் முதுகைச் சாய்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாராம். "எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிடணும்னா ஒருத்தன் கண்ணைத் தொறந்து வச்சிருக்கணும்க்கா. எனக்கு அதுதான் கைங்கரியம்." தீட்டு என்று சொல்லி மறுக்க முடியாத பேச்சு. ஆயுதத்தில் தீட்டு ஒன்றும் இல்லை, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறவர்கள்தானே நாம். ஆனால் கோயில் கட்டினவர்களுக்கும் காவல் என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. கதையோடு நிற்கிற துவாரபாலகர்களை வாசலில்தான் வைத்தார்கள், முகம் வெளியே பார்த்து. இன்னார் காவல் என்று வருகிறவன் எல்லோருக்கும் தெரியும். கும்பிட வந்த கூட்டத்துக்குள் வேட்டி மடிப்பில் ஒளிந்திருக்கும் காவல் வேறு.

கடைசியில் ஓட்டெடுத்தோம். பலகை வைப்பது, திருவிழா நாட்களில் பணிநேரம் முடிந்த போலீஸ்காரர் ஒருவரைச் சம்பளத்துக்கு வாசலில் நிறுத்துவது என்று முடிவானது. "உங்க அகிம்சைக்கு மணிக்கு அறுபது டாலர்" என்றார் தம்பி. குத்தியது. கொன்றால் பாவம், தின்றால் போச்சு என்கிற கணக்குத்தான் இதுவும். சுடும் பாவத்தைச் சம்பளக்காரர் தலையில் ஏற்றிவிட்டு நாங்கள் சாம்பிராணிப் புகையில் சுத்தமாக நிற்கிறோம். அப்படியிருந்தும் என் ஓட்டை மாற்றமாட்டேன். அவர் சுட்டால் விசாரணை வரும், எழுதித்தர வேண்டும், மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும், குழு என்ற முறையில் நாங்களும் கூண்டில் ஏறலாம். பாவம் கழியவில்லை, கையெழுத்துப் போட்டுப் பங்கு வைத்துக்கொண்டோம், அவ்வளவே.

தம்பி கோபித்துக்கொண்டு நின்றுவிடவில்லை. துப்பாக்கியைக் காரிலேயே வைத்துவிட்டு வருகிறார். காரின் கண்ணாடியை உடைத்துத் துப்பாக்கியைத் தூக்கிப்போவது இந்த ஊரில் சர்வசாதாரணம், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளும் அந்தக் கார்களுக்கு நடுவில்தான் ஓடுகிறார்கள். இரும்புப் பெட்டியில் பூட்டித்தான் வைக்கிறாரா என்று கேட்டேன். சாவியைக் காட்டினார். அடுத்த கூட்டத்துக்கு அதையும் ஒரு விதியாக எழுதி வைத்திருக்கிறேன். தம்பி எதிர்த்துப் பேசப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.